பாஸ்டன் 1995: பக்கத்தில் நடந்த அடியை ஒரு காவலர் பார்க்காமலே ஓடியிருக்க முடியுமா?

1995 ஜனவரி 25, அதிகாலை இரண்டு மணி வாக்கில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், ராக்ஸ்பரி பகுதியில் உள்ள ஒரு ஹாம்பர்கர் கடையில் துப்பாக்கிச் சூடு நடந்தது. சந்தேகத்துக்குரிய நான்கு பேர் ஒரு லெக்சஸ் காரில் தப்பினார்கள். சுடப்பட்டவர் ஒரு போலீஸ்காரர் என்று வயர்லெஸ்ஸில் தவறான தகவல் போனது. கேட்டவர்களுக்கு ரத்தம் சூடேற அது போதும். பல மூலைகளிலிருந்தும் போலீஸ் வண்டிகள் சைரனோடு கிளம்பின. துரத்தல் மேட்டபான் பகுதியில் உட்ரஃப் வே என்ற முட்டுச்சந்தில் போய் நின்றது. காரில் இருந்த நால்வரும் இறங்கி ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.

அவர்களில் ஒருவன் கம்பி வேலியை நோக்கி ஓடினான். அவன் பின்னாலேயே ஓடியவர் மைக்கேல் காக்ஸ். கறுப்பினத்தவர், ரவுடிக் கும்பல் தடுப்புப் பிரிவில் வேலை, அன்று மஃப்டியில் இருந்தார். வேலி மேல் ஏறியவனைப் பிடிக்கக் கையை நீட்டிய நேரத்தில் பின்னந்தலையில் அடி விழுந்தது. அடித்தவர்கள் சக போலீஸ்காரர்கள். குற்றவாளி இவர்தான் என்று நினைத்துக் கண் மண் தெரியாமல் அடித்தார்கள், கீழே விழுந்த பிறகு உதைத்தார்கள். ஆள் யார் என்று தெரிந்ததும் அங்கேயே விட்டுவிட்டுக் கலைந்து போனார்கள். காக்ஸுக்குத் தலையில் பலத்த காயம், சிறுநீரகத்திலும் அடி. வேலைக்குத் திரும்ப ஆறு மாதம் பிடித்தது.

அதே வேலியை அதே நேரத்தில் தாண்டியவர் இன்னொரு காவலர், கென்னி கான்லி. வெள்ளையர். தப்பி ஓடியவனைச் சுமார் ஒரு மைல் தூரம் துரத்திப் பிடித்து விலங்கு மாட்டியவர் அவர்தான். 1997இல் மத்திய அரசு வழக்கறிஞர்கள் அவரைக் கிராண்ட் ஜூரி (குற்றம் சாட்ட ஆதாரம் போதுமா என்று பார்க்கும் பொதுமக்கள் குழு) முன் நிறுத்திக் கேட்டபோது, வேலியருகே காக்ஸைப் பார்க்கவில்லை, யாரும் யாரையும் அடித்ததையும் பார்க்கவில்லை என்றார். சரி, அப்படி ஒரு மஃப்டி ஆள் அவனுக்குப் பின்னால் ஓடி வேலியில் அவனைப் பிடிக்க முயன்றிருந்தால் நீங்கள் பார்த்திருப்பீர்களா என்று கேட்டார்கள். பார்த்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன் என்றார் கான்லி.

அந்தப் பதில்தான் அவரைக் கவிழ்த்தது. காக்ஸ் அங்கே இருந்தது உறுதி. இருந்திருந்தால் பார்த்திருப்பேன் என்று இவரே ஒப்புக்கொள்கிறார். அப்படியானால் பார்க்கவில்லை என்பது பொய். அரசுத் தரப்பு வாதத்தின் மையம் இதுதான். 1998 ஜூனில் ஜூரி அவரைப் பொய் சாட்சி சொன்னதற்காகவும் நீதியைத் தடுத்ததற்காகவும் குற்றவாளி என்றது. தண்டனை 34 மாதச் சிறை.

அந்த ஜூரியில் நான் உட்கார்ந்திருந்தால் நானும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன் என்று நினைக்கிறேன். பக்கத்தில் ஒருவரைப் போட்டு மிதிக்கிறார்கள், அதைக் கண் இருப்பவர் பார்க்காமல் இருப்பாரா? நம் எல்லோருக்குள்ளும் இருக்கும் நம்பிக்கை இது. கான்லிக்கும் இருந்தது, அதனால்தான் அப்படிப் பதில் சொன்னார். இந்த நம்பிக்கை எவ்வளவு தவறானது என்பது இந்த வழக்குக்குப் பிறகு நடந்த ஒரு சோதனையில் தெரிந்தது.

கிறிஸ்டோஃபர் சாப்ரிஸ், டேனியல் சைமன்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் தங்கள் குழுவோடு கான்லி வழக்கையே மாதிரியாக வைத்துச் சோதனையை அமைத்தார்கள். முடிவு 2011இல் வெளியானது. ஒருவர் முன்னால் ஓடுவார். சோதனைக்கு வந்த மாணவர் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பின்னால் ஓட வேண்டும். முன்னால் ஓடுபவர் எத்தனை தடவை தலையைத் தொடுகிறார் என்று எண்ண வேண்டும், அதுதான் வேலை. போகும் பாதையிலிருந்து சுமார் 8 மீட்டர் தள்ளி, இரண்டு பேர் சேர்ந்து ஒருவரை அடிப்பது போல நடிப்பார்கள். கத்தல், முனகல், இருமல் எல்லாம் உண்டு. ஓடுபவரின் பார்வையில் அது குறைந்தது 15 விநாடியாவது இருக்கும்.

இரவில் நடத்தியபோது 20 பேரில் 7 பேர்தான் அடிதடியைக் கவனித்திருந்தார்கள். அதாவது 35 சதவீதம். இருட்டுதான் காரணமோ என்று பகலில் நடத்திப் பார்த்தார்கள். 16 பேரில் 9 பேர். நல்ல வெளிச்சத்தில்கூடக் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தாண்டிப் போய்விட்டார்கள். அடுத்த கட்டத்தில் எண்ணும் வேலையைக் கூட்டியும் குறைத்தும் பார்த்தார்கள். எதையும் எண்ணாமல் சும்மா பின்னால் ஓடியவர்களில் 72 சதவீதம் பேர் பார்த்தார்கள். வலது கை, இடது கை என்று இரண்டு கணக்கைத் தனித்தனியாக வைத்திருக்கச் சொன்னபோது அது 42 ஆக இறங்கியது.

இந்த எண்களில் நான் நெடுநேரம் நின்றுபோனேன். அந்த மாணவர்கள் யாருக்கும் உயிர் பயம் கிடையாது. முன்னால் ஓடுபவரிடம் துப்பாக்கி இருக்குமோ என்ற கவலை கிடையாது. வெறும் ஜாகிங், கூடவே ஒரு எண்ணிக்கை. அதற்கே இந்த நிலை. கான்லிக்கு முன்னால் ஓடியவன் துப்பாக்கிச் சூட்டில் சந்தேகிக்கப்பட்டவன். அவன் கை இடுப்புக்குப் போகிறதா, வேலியைத் தாண்டி எந்தப் பக்கம் திரும்புகிறான், இதைத் தவிர வேறு எதற்கும் அவர் மூளையில் இடம் இருந்திருக்குமா?

இங்கேதான் அட்ரினலின் வருகிறது. ஆபத்து என்று மூளையின் அமிக்டலா கணித்த மறுகணம், சிறுநீரகங்களுக்கு மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளுக்கு நரம்பு வழியாகத் தாக்கீது போகிறது. அட்ரினலின் ரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் அடித்துக்கொள்கிறது, கண்ணின் பாவை விரிகிறது, மூச்சுக்குழல் அகலமாகிறது, தோலுக்கும் குடலுக்கும் போகும் ரத்தம் தசைகளுக்குத் திருப்பிவிடப்படுகிறது. விரல் நுனி மரத்துப்போவதும், வெட்டுப்பட்டது அப்புறம்தான் தெரிவதும் இதோடு சேர்ந்தவை. ஆனால் அட்ரினலின் நேரடியாக மூளைக்குள் பெரிதாக நுழைவதில்லை, ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு அதை விடுவதில்லை. அது வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது, அந்தச் சேதி மூளைத்தண்டுக்குப் போகிறது, அங்கிருந்து லோகஸ் செருலியஸ் என்ற சின்னஞ்சிறு பகுதி மூளை முழுக்க நோரட்ரினலினைத் தெளிக்கிறது. கவனம் குவிவதும் நினைவு ஆழமாகப் பதிவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வேதிப்பொருளின் வேலை.

கவனம் இப்படிக் குவியும்போது கண் குருடாவதில்லை. விழித்திரையில் எல்லாம் விழுகிறது. மூளைதான் ஓரங்களைத் தள்ளிவிடுகிறது. இருட்டு மைதானத்தில் டார்ச்சின் வளையத்தைச் சுருக்கினால் நடுவில் வெளிச்சம் கூடி, சுற்றிலும் இருட்டு இறுகுமே, அந்த மாதிரி. பதற்றம் ஏற ஏற மனிதர்கள் சுற்றிலுமிருந்து எடுத்துக்கொள்ளும் குறிப்புகளின் எண்ணிக்கை சுருங்குகிறது என்று ஈஸ்டர்புரூக் என்ற ஆய்வாளர் 1959லேயே எழுதிவிட்டார். ஒருவன் துப்பாக்கியை நீட்டும் படங்களைப் பார்ப்பவர்களின் கண்கூட அந்தத் துப்பாக்கிக்கே அதிகம் போகிறது என்பதை எலிசபெத் லாஃப்டஸ் குழு 1987இல் கண் அசைவுகளை அளந்து காட்டியது.

நிஜத்தில் சுடும் சூழலில் இருந்த காவலர்கள் என்ன சொல்கிறார்கள்? போலீஸ் உளவியலாளர் அலெக்சிஸ் ஆர்ட்வோல், துப்பாக்கிச் சூட்டில் ஈடுபட்ட 157 காவலர்களிடம் கேட்டுத் தொகுத்த விவரம் 2002இல் வெளியானது. 84 சதவீதம் பேருக்குச் சத்தம் குறைந்து கேட்டிருக்கிறது அல்லது கேட்கவே இல்லை. தன் கையில் வெடித்த துப்பாக்கியின் சத்தமே கேட்காதவர்கள் உண்டு. 79 சதவீதம் பேருக்கு டனல் விஷன், அதாவது குழாய் வழியாகப் பார்ப்பது போலப் பார்வை நடுவில் சுருங்கிப்போவது. 62 சதவீதம் பேருக்கு எல்லாம் ஸ்லோ மோஷனில் நடந்த மாதிரி, 17 சதவீதம் பேருக்கு நேர்மாறாகப் படுவேகத்தில். 74 சதவீதம் பேர் யோசிக்காமலே உடம்பு தானாகச் செய்தது என்றார்கள். 52 சதவீதம் பேருக்கு நிகழ்ச்சியின் சில பகுதிகளே நினைவில் இல்லை. 46 சதவீதம் பேருக்குத் தாங்கள் செய்ததிலேயே ஒரு பகுதி ஞாபகம் இல்லை. 21 சதவீதம் பேர் நடக்காத ஒன்றை நடந்ததாக நினைவில் வைத்திருந்தார்கள். இவை அவரவர் பின்னால் சொன்னவை, கருவி வைத்து அளந்தவை இல்லை என்பதை மறக்கக்கூடாது. ஆனாலும் டேவிட் கிளிங்கர் தனியாக 80 காவலர்களிடம் கேட்டபோதும் இதே வடிவம்தான் வந்தது: 113 சம்பவங்களில் 82 சதவீதத்தில் சத்தம் மங்கியிருக்கிறது, 51 சதவீதத்தில் டனல் விஷன்.

தற்காப்புக் கலை வகுப்புகளில் ஒரு வண்ண அட்டவணை சுற்றுகிறது. இதயத் துடிப்பு 115 தாண்டினால் நுணுக்கமான கைவேலை போய்விடும், 145இல் இன்னொன்று போகும், 175இல் பார்வையும் காதும் அடைத்துவிடும் என்று அதில் போட்டிருப்பார்கள். அதை அப்படியே நம்பிச் சொல்லிக்கொடுப்பவர்கள் தயவுசெய்து நிறுத்த வேண்டும். மாரத்தான் ஓடுபவருக்கு 170 துடிக்கும், அவர் காது அடைத்துப் போவதில்லை. துடிப்பின் எண் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை, ஆபத்து என்ற கணிப்புதான் அடிப்படை.

அதற்காக உடல் உழைப்புக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. லொரைன் ஹோப் என்ற உளவியலாளர் 2012இல் வெளியிட்ட ஆய்வில் கனடாவின் வின்னிபெக் காவலர்கள் 52 பேர் கலந்துகொண்டார்கள். பாதிப் பேர் கனமான குத்துப் பையை மூச்சு வாங்கும் வரை குத்தித் தள்ளினார்கள், மீதிப் பேர் வேடிக்கை பார்த்தார்கள். அப்புறம் எல்லோரும் ஒரு இடத்துக்குள் போக வேண்டும், அங்கே கோபமாக ஒரு ஆள் இருப்பார். போகிற வழியில் இன்னொரு ஆளும் தற்செயலாக எதிர்ப்படுவார். கோபக்கார ஆளை எல்லோரும் பார்த்திருந்தார்கள். வழியில் எதிர்ப்பட்டவரைப் பற்றிக் குத்தாமல் நின்றவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் ஏதாவது ஒரு அடையாளமாவது சொன்னார்கள். குத்திக் களைத்தவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்கே அப்படி ஒருவரைப் பார்த்தது ஞாபகம் இருந்தது. எல்லோரும் பயிற்சி பெற்ற போலீஸ்காரர்கள்.

நினைவுக்கு வருவோம். அட்ரினலின் நினைவை அழிக்கிறதா, ஆழப்படுத்துகிறதா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்ல வேண்டும். உணர்ச்சி கலந்த கதை நன்றாக நினைவில் நிற்கும். ஆனால் கதை கேட்பதற்கு முன் ப்ரொப்ரனோலால் மாத்திரை கொடுத்து அட்ரினலின் வேலையைத் தடுத்தால் அந்தக் கூடுதல் நினைவு காணாமல் போகிறது என்று லாரி கேஹில், ஜேம்ஸ் மெக்காஃப் குழு 1994இல் காட்டியது. ஆழமாகப் பதிவது கவனத்தின் நடுவில் இருந்தது மட்டும்தான். ஓரத்தில் இருந்தது முதலிலேயே உள்ளே போகவில்லை, பிறகு எங்கிருந்து எடுப்பது?

நடுவில் இருந்ததும் சரியாகத்தான் பதியும் என்று உத்தரவாதம் இல்லை. அமெரிக்க ராணுவத்தின் பயிற்சி ஒன்றில் வீரர்களைப் போர்க்கைதிகள் போல அடைத்து விசாரிப்பார்கள். சார்லஸ் மார்கன் குழு 2004இல் 509 பேரிடம் நடத்திய ஆய்வில், உடல்ரீதியான மோதலோடு கடுமையாக விசாரித்தவரை மறுநாள் நேரடி அணிவகுப்பில் சரியாக அடையாளம் காட்டியவர்கள் 30 சதவீதம்தான். மோதல் இல்லாமல் விசாரித்தவரை அடையாளம் காட்டியவர்கள் 62 சதவீதம். நல்ல வெளிச்சத்தில், நேருக்கு நேர், அரை மணி நேரத்துக்கு மேல் பார்த்த முகம் அது. தன்னை அடித்தவனின் முகத்தை எப்படி மறக்க முடியும் என்று நீதிமன்றத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்கு இந்த எண்கள்தான் நினைவுக்கு வரும். காக்ஸால் தன்னை அடித்தவர்களைத் தெளிவாக அடையாளம் சொல்ல முடியவில்லை. தலைக்காயம் ஒரு காரணம். காயமே இல்லாவிட்டாலும், பின்னாலிருந்து விழுந்த அடியின் அந்தச் சில விநாடிகளில் முகங்கள் பதிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை.

ஸ்லோ மோஷன் விஷயத்தில் இன்னொரு சோதனை. டேவிட் ஈகிள்மேன் குழு 2007இல் ஆட்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலைக்குள் விழவிட்டது. தங்கள் விழுகை எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்டபோது, மற்றவர்கள் விழுவதைப் பார்த்துக் கணித்ததைவிட 36 சதவீதம் கூடுதலாகச் சொன்னார்கள். ஆனால் கையில் கட்டியிருந்த, மின்னல் வேகத்தில் எண்கள் மாறும் கருவியை அவர்களால் வழக்கத்தைவிட வேகமாகப் படிக்க முடியவில்லை. நேரம் உண்மையிலேயே மெதுவாக ஓடியிருந்தால் படித்திருக்க வேண்டும். அந்த நிமிடத்தின் நினைவு செறிவாகப் பதிந்ததால், திரும்பிப் பார்க்கும்போது நீளமாகத் தெரிகிறது.

கான்லி வழக்கில் என்னை மிகவும் பாதித்த துண்டு கான்லியைப் பற்றியதே இல்லை. அன்று அந்த இடத்தில் இருந்த இன்னொரு காவலர், வேலியை நோக்கி ஓடியவனுக்குப் பின்னால் ஒரு ஆள் ஓடியதைப் பார்த்ததாக முதலில் சொல்லியிருந்தார், பிறகு மாற்றிச் சொன்னார். அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயின் குறிப்பு ஒன்றில் அவர் தந்த விளக்கம் பதிவாகியிருக்கிறது. என்ன நடந்தது என்று சொல்ல முடியவில்லையே என்று வருந்தி, எதையோ பார்த்ததாகத் தன்னையே நம்பவைத்துக்கொண்டாராம். ஹிப்னடிசம் செய்தால் ஒருவேளை உண்மையில் நடந்தது ஞாபகம் வரலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அவருடைய சாட்சியத்தை வைத்துத்தான் அரசுத் தரப்பு, அவர் கண்ணுக்குத் தெரிந்தது கான்லிக்குத் தெரியாமல் போகுமா என்று வாதிட்டது. இந்தக் குறிப்பைக் கான்லியின் வக்கீலுக்குக் கொடுக்கவில்லை.

அந்தக் காவலர் பொய்யர் என்று நான் சொல்ல மாட்டேன். மனசாட்சி உறுத்தும்போது மூளை ஓட்டையை அடைத்துக்கொள்ளும், அடைத்தது எது, பார்த்தது எது என்று பிறகு அவருக்கே தெரியாது. 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள் காலை, அந்தச் செய்தியை எப்படிக் கேள்விப்பட்டீர்கள் என்று உல்ரிக் நைசர் மாணவர்களிடம் எழுதி வாங்கி வைத்தார். இரண்டரை ஆண்டுக்குப் பிறகு 44 பேரிடம் மீண்டும் கேட்டதில் கால்வாசிப் பேருடைய விடை முழுக்கத் தவறு. அதையும் உறுதியோடு சொன்னார்கள். கான்லியிடம் கிராண்ட் ஜூரி கேள்வி கேட்டதும் கிட்டத்தட்ட அதே இடைவெளியில்தான். அடிபட்ட இரவுக்கும் அந்தக் கேள்விக்கும் நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது.

நம் நாட்டு நீதிமன்றத்துக்கு இது புதிதல்ல. 1983இல் குஜராத்திலிருந்து வந்த பார்வாடா போகின்பாய் ஹிர்ஜிபாய் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், சாட்சிக்குப் புகைப்படம் போன்ற நினைவு இருக்கும் என்று எதிர்பார்க்கக்கூடாது, எதிர்பாராமல் நடக்கும் சம்பவத்தில் எல்லா விவரத்தையும் உள்வாங்க மனம் தயாராக இருக்காது, ஒருவர் கவனிப்பதை இன்னொருவர் கவனிக்காமல் போகலாம் என்று எழுதியது. மூளை ஆராய்ச்சி எண்கள் எதுவும் கையில் இல்லாமல், சாட்சிகளைப் பார்த்துப் பார்த்தே வந்த தெளிவு அது.

பாஸ்டனில் 2004இல் மாவட்ட நீதிபதி வில்லியம் யங் கான்லியின் தண்டனையை ரத்து செய்தார். 2005 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. மறைக்கப்பட்ட அந்த எஃப்பிஐ குறிப்புதான் காரணம். அரசு மறுவிசாரணை வேண்டாம் என்று வழக்கைக் கைவிட்டது. கான்லி சிறைக்குப் போகவே இல்லை, ஆனால் வேலை போய், 2007இல்தான் பாஸ்டன் காவல் துறைக்குத் திரும்ப முடிந்தது. காக்ஸ் துறையை விடாமல் படிப்படியாக மேலேறி 2022இல் அதே பாஸ்டன் நகரின் போலீஸ் கமிஷனர் ஆனார்.

கான்லி உண்மையைத்தான் சொன்னார் என்று இந்த ஆய்வுகள் நிரூபிக்கவில்லை. தப்பி ஓடியவன், தன்னைப் பிடித்த அதிகாரி அடி நடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றார் என்று சாட்சி சொன்னான். அதையும் தள்ளிவிட முடியாது, அவனுக்கும் அன்று அதே அட்ரினலின்தான் ஓடியது என்பதையும் மறக்க முடியாது. நான் சொல்வது இவ்வளவுதான்: பார்த்திருக்காமல் இருக்க முடியாது என்ற வாதம் ஒன்றை மட்டும் வைத்து ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடாது.

அட்ரினலினை எல்லாவற்றுக்கும் சாக்காக நீட்டுகிறவர்களையும் இந்த வழக்கு தடுத்து நிறுத்துகிறது. முதல் அடியை வேண்டுமானால் அந்தப் பதற்றத்தின் கணக்கில் எழுதலாம். இருட்டு, தவறான வயர்லெஸ் தகவல், மஃப்டியில் ஒரு கறுப்பர். யாரைக் குற்றவாளி என்று கண் முதலில் தேர்ந்தெடுக்கிறது என்பதில் அட்ரினலினுக்கு முன்பே இனம் வேலை செய்துவிட்டது என்பது என் கருத்து. ரத்தத்தில் ஏறிய அட்ரினலின் சில நிமிடங்களிலேயே பாதியாகக் குறைந்துவிடும். மெதுவாக ஏறும் இன்னொரு பதற்ற ஹார்மோனான கார்டிசாலும் அரை மணி நேரத்தில் உச்சம் தொட்டு இறங்கத் தொடங்கும். அதற்கெல்லாம் பிறகு, ஸ்டேஷனில் மேஜை முன்னால் உட்கார்ந்து எழுதிய ஆரம்ப அறிக்கைகளில் காக்ஸ் உறைபனியில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டது என்று இருந்தது. அந்த வரிகளுக்கு எந்த ஹார்மோனும் பொறுப்பில்லை. 1998 டிசம்பரில் சிவில் வழக்கில் மூன்று காவலர்களைப் பொறுப்பாளிகள் என்று ஜூரி சொன்னது. காக்ஸை அடித்ததற்காகக் குற்ற வழக்கில் ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. அந்த இரவுக்காகக் குற்றவாளிக் கூண்டில் ஏறித் தண்டனை வாங்கிய ஒரே போலீஸ்காரர், பார்க்கவில்லை என்று சொன்ன கென்னி கான்லி.